சிரிக்கிற அட்டை

என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "சிரிக்காதீங்க" என்பதைத்தான். பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்கிற கடை. பல் தெரியக் கூடாது, புருவம் ஏறக் கூடாது, தலை சாயக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குத் தங்கள் முகத்தை என்ன செய்வது என்றே தெரியாது. இருக்கிறபடி வையுங்கள் என்பேன். அதுதான் யாருக்கும் வராது. இத்தனை வருஷம் முகங்களையே பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. எந்தச் சிரிப்பு தானாக வந்தது, எது ஒட்டவைத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

என் அக்காவின் சிரிப்பை மட்டும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அவள் முகத்தில் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், "என்ன ஆச்சு, சொல்லு" என்று எதிரே வந்து நின்றுவிடுவார். சொன்னாலும் விடமாட்டார், சொல்லாவிட்டாலும் விடமாட்டார். நான் பதிலுக்குப் பதில் பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். அக்கா சிரித்துவிடுவாள். "ஒண்ணுமில்லப்பா." அத்தோடு முடிந்தது. கல்யாணமான பிறகு மாமாவிடமும் அதே ஒண்ணுமில்லைதான். மாமா நல்ல மனுஷர், அவரும் நம்பிவிட்டார்.

இப்படிப்பட்டவள் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? குழந்தைகளுக்கு, மனசில் இருப்பதை எப்படி வெளியே சொல்வது என்று சொல்லிக்கொடுப்பது. நான் இதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாத நாளில்லை. டயர் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இரண்டு அறை, அதுதான் அவர்கள் மையம். நடக்கப் பழகிய வாண்டுகள் கொஞ்சம் பேர், அவர்களைவிடச் சற்றுப் பெரியவர்கள் கொஞ்சம் பேர். அந்தப் பெரிய பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சு வரவில்லை. சிலருக்குப் பேச்சு வந்தும், சத்தம் ஆகாது, யாராவது தொட்டால் ஆகாது, நேரே முகத்தைப் பார்ப்பது ஆகாது. எல்லோருக்கும் உள்ளே என்னவோ நடக்கிறது, அதற்குப் பேர் தெரியவில்லை. பசியா, கோபமா, பயமா என்று தெரியாமலே தரையில் விழுந்து புரளுவார்கள்.

அக்கா அந்த வேலையில் கெட்டிக்காரி. கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். ஒரு நாள் அங்கே போயிருந்தேன். பொம்மையைப் பறிகொடுத்த வாண்டு ஒன்று கூரை பெயர்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அக்கா தூக்கவில்லை, அதட்டவில்லை, வேறு பொம்மை காட்டி ஏமாற்றவுமில்லை. பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, "கோபமா வருது. பொம்மையைப் பிடுங்கிட்டான். கோபம் வரத்தான் செய்யும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை அவள் பக்கம் உருண்டு வந்து, விசும்பிக்கொண்டே, "கோவம்" என்றது.

அந்த மையத்தில் முதலில் வட்ட வட்டமாக மஞ்சள் மூஞ்சி வரைந்த அட்டைகள்தான் இருந்தன. பேசாத குழந்தைகள் அவற்றைப் பந்து என்று நினைத்தார்களோ என்னவோ, உருட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டார்கள். தெரிந்த மனுஷ முகம் இருந்தால்தான் பிடிபடும் என்று அக்கா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சந்தோஷம், சோகம், கோபம், பயம், வலி, களைப்பு என்று ஆறு முகம் வேண்டும்.

"கோபமாப் பாருக்கா."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுவா கோபம்? பஸ் இன்னும் வரலையேன்னு பாக்குற மாதிரி இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அப்பாவைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், மாமா மறந்துபோன கல்யாண நாளை ஞாபகப்படுத்தினேன், அவள் பட்டிருக்க வேண்டிய கோபத்தையெல்லாம் நான்தான் பட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் புருவத்தை எப்படி நெரிக்க வேண்டும், உதட்டை எங்கே மடிக்க வேண்டும் என்று நானே சொல்லிச் சொல்லி ஐந்து முகத்தையும் ஒப்பேற்றினோம். சந்தோஷம் மட்டும் முதல் கிளிக்கிலேயே விழுந்தது. லேமினேட் செய்து அடுக்கியபோது அந்த ஒன்றுதான் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் நாடகம்.

மையத்தின் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு குழந்தையின் போட்டோவும் இருக்கும். காலையில் வந்ததும் குழந்தை கீழே உள்ள பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், இன்றைக்கு நான் இப்படி இருக்கிறேன் என்று. சிரிக்கிற அட்டையை ஒட்டினால் அக்கா கை தட்டுவாள், உதவிக்கு இருக்கிற ஆயா கை தட்டுவாள், சோப்புக் குமிழி ஊதுவார்கள், குழந்தை உள்ளே ஓடிவிடலாம். வேறு அட்டையை ஒட்டினால் அக்கா மண்டி போட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேரே வந்து, "ஏன்டா செல்லம்? எங்க வலிக்குது? யாரு என்ன செஞ்சாங்க? காட்டு" என்று கேட்பாள். அக்கறையாகத்தான் கேட்பாள். மனசு சமாதானமாகிற வரைக்கும் மூலையில் இருக்கிற மெத்தையில் உட்காரவைத்துப் பக்கத்திலேயே இருப்பாள். இதில் என்ன தப்பு இருக்க முடியும்? எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அங்கே வந்துகொண்டிருந்த பையன்களில் ஒருவனுக்குப் பொத்தான் என்று பேர் வைத்திருந்தார்கள். நாலு வயசு, பேச்சு இல்லை. முகத்தைப் பார்க்க மாட்டான், சட்டைப் பொத்தானைத்தான் பார்ப்பான். பிடித்தவர்கள் என்றால் அதைப் பிடித்துத் திருகுவான். அவனுடைய அம்மா பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். யூனிபார்மோடு அவசரமாக வந்து விட்டுவிட்டுப் போவாள், அவசரமாக வந்து கூட்டிக்கொண்டு போவாள். அட்டைகள் வந்த கொஞ்ச நாளில் பொத்தான் தானாகவே சிரிக்கிற அட்டையை எடுத்து ஒட்டத் தொடங்கினான். முதல் தடவை அதைப் பார்த்த அன்று அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். "என் பிள்ளை வாயைத் திறந்து பேசின மாதிரி இருக்கு டீச்சர்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். வீட்டுக்கும் ஒரு செட் வேண்டும் என்று கேட்டாள், நான் போட்டுக்கொடுத்தேன்.

மையத்தை நடத்துகிற மேடம், வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பொத்தானைத்தான் காட்டுவார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவனைப் பற்றியே பேசினாள். வீட்டிலும் அதே பேச்சு. நானும் என் கடைக்கு வந்தவர்களிடம், அந்த அட்டை நான் எடுத்ததுதான் என்று பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா என் கடையில் அட்டைகளின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பொத்தானின் அம்மா.

"டீச்சர், ரெண்டு மூணு நாளா காதைப் பொத்திக்கிட்டே இருக்கான். சாப்பாடும் இறங்கல. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு பாக்குறேன். லீவு கேட்டாத்தான் சூப்பர்வைசர் கத்துவாரு."

"சத்தம் ஜாஸ்தியானா இந்தப் பிள்ளைங்க காதைப் பொத்திக்குவாங்கம்மா. கீழ டயர் கடையில புதுசா மெஷின் வேற போட்டிருக்காங்க. அட்டையைக் காட்டிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிக்கிற அட்டையைத்தான் எடுக்கிறான்."

"இங்கயும் அதைத்தான் ஒட்டுறான். அப்புறம் என்னம்மா? பிள்ளை சொல்றதை நம்புங்க. நம்ம நம்பினாத்தான் அவன் மேல மேல சொல்லுவான்."

"சரிங்க டீச்சர். நீங்க சொன்னா சரிதான்."

எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் பொத்தானின் தலையணையில் சீழும் ரத்தமுமாக இருந்தது. காதுக்குள்ளே புண்ணாகி, சவ்வு கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, இது ஒரு நாள் வலி இல்லையே, குழந்தை அழவே இல்லையா என்று கேட்டாராம். "சந்தோஷமா இருக்கேன்னு சொன்னான் டாக்டர்" என்றாளாம் அந்த அம்மா. டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். சவ்வு மூடிக்கொள்ளலாம், அந்தக் காதில் எவ்வளவு கேட்கும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்.

பொத்தான் காதில் பஞ்சோடு மையத்துக்குத் திரும்பிய அன்று மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் ஒரு பெரியவரை உட்காரவைத்து விளக்கைச் சரி செய்துகொண்டிருந்தேன். சுவரோரம் போய் நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பெரியவரை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"அந்தம்மா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கடி" என்றாள்.

"எதுக்கு?"

"'நீங்க எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்குடுத்தீங்க டீச்சர், இவன் பொய் சொல்லிட்டான், இனிமே சொல்ல மாட்டான், நான் கண்டிச்சு வெச்சிருக்கேன்'னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். 'பரவாயில்லம்மா'ன்னு சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பரவாயில்லையா? யாரு யாரை மன்னிக்கிறது? டாக்டர்கிட்ட போக இருந்தவங்களை நிறுத்தினது நீ. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"அது மட்டும் இல்லடி." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்தம்மா போனதும் அவன் என்ன செஞ்சான் தெரியுமா? நான் கேக்குறதுக்கு முன்னாலயே சிரிக்கிற அட்டையை எடுத்து ஒட்டினான். அதைப் பாக்கக்கூட இல்ல. ஒட்டிட்டு, அவனே மெதுவா ரெண்டு தட்டுக் கை தட்டிக்கிட்டு, என்னைத் தாண்டி உள்ள போயிட்டான்."

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அந்த அட்டைன்னா சந்தோஷம்னு அவனுக்குத் தெரியாதுடி. அதை ஒட்டினா யாரும் மூஞ்சிக்கு நேரா வந்து கேள்வி கேக்க மாட்டாங்க, மெத்தையில உக்கார வெக்க மாட்டாங்க, கை தட்டிட்டு விட்டுடுவாங்க. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அவன் பொய்யே சொல்லல. என்னை விட்டுடுன்னுதான் தினமும் சொல்லியிருக்கான். நான்தான் கை தட்டித் தட்டி அப்படிப் பழக்கிட்டேன். காது வலிக்குதுன்னு கையாலேயே காட்டிக்கிட்டிருந்தான். அதை விட்டுட்டு அட்டையை நம்பச் சொன்னேன்." ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இது எனக்குத் தெரியாமப் போச்சேடி. வேற யாருக்கும் தெரியலைன்னா சரி. எனக்கு."

அப்பா எதிரே வந்து நின்றதும், அவள் ஒண்ணுமில்லப்பா என்றதும் எனக்குக் கண்ணில் வந்து நின்றன. வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள்தான் நான், அன்றைக்கு அதை மட்டும் சொல்லவில்லை.

"அந்தம்மாகிட்ட சொல்லிடுக்கா" என்றேன். "அவங்க வீட்டுல பிள்ளையைப் பொய் சொல்றவன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவனால இல்லைன்னு சொல்லவும் முடியாது."

சொல்லிவிடுகிறேன் என்றுதான் போனாள். முதலில் மேடத்திடம் போயிருக்கிறாள். அங்கேதான் வினை. "அந்தம்மாவே பழியைத் தன் பிள்ளை மேல போட்டுக்கிட்டாங்க. நீங்க ஏன் வலியப் போய்த் தலையைக் குடுக்கறீங்க? மாத்த வேண்டியதை மாத்திடலாம். சொல்லணும்னு அவசியமில்ல" என்றாராம் மேடம். அக்கா அங்கேயும் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமா என்னிடம் சொன்னார். காலையில் பொத்தானின் அம்மா படியேறுகிற சத்தம் கேட்டால் அவள் உள் அறைக்குப் போய்விடுவாளாம். ஆயாதான் வாசலில் நிற்பாளாம். சாயந்திரம் பேசும்போது போனிலேயே குரல் கூனிக் குறுகிப் போயிருக்கும். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?" என்பாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். ஒரு நாள் நான் எரிச்சலில், "உனக்கு இருக்கிறது ஒரு மூஞ்சிதானே, அதையும் அட்டையில போட்டுக் குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். புது அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும், இந்தத் தடவை கடையில் வேண்டாம், கேமராவை எடுத்துக்கொண்டு காலையிலேயே மையத்துக்கு வா என்றாள்.

போனேன். கீழே டயர் கடை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பலகையிலிருந்த பழைய அட்டைகளை ஆயா இன்னும் எடுக்கவில்லை. அக்கா இன்றைக்கு உள் அறைக்குப் போகவில்லை, வாசலிலேயே நின்றாள். புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பொத்தானும் அவன் அம்மாவும் படியேறி வந்தார்கள்.

அந்த அம்மா பலகைக்கு முன்னால் குனிந்து, விரலை ஆட்டி, அவனிடம் சொன்னாள். "இன்னிக்கு உண்மையைச் சொல்லணும். தெரியுதா? பொய் சொன்னா அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும்."

பொத்தான் பெட்டியில் கையை விட்டான். சிரிக்கிற அட்டையை எடுத்தான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் உடம்பு விறைத்துப் போய் நின்றது.

"விடுங்கம்மா" என்றாள் அக்கா. "அவன் பொய் சொல்லல."

எல்லாவற்றையும் சொன்னாள். அழகாகச் சொல்லவில்லை. தொடங்கினாள், நிறுத்தினாள், முதலிலிருந்து சொன்னாள். கை தட்டியதை, குமிழியை, மெத்தையை, கேள்விகளை, போனில் தான் சொன்னதை. "டாக்டர்கிட்ட போயிருப்பீங்க. நான்தான் நிறுத்தினேன். நீங்க மன்னிப்புக் கேட்டப்பகூட நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா. அவன் மேல ஒரு தப்பும் இல்ல." உள்ளேயிருந்து மேடம் எட்டிப் பார்த்தார், முகம் இறுகியது.

அந்த அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. மணிக்கட்டை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன கை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அடிச்சேன் டீச்சர்" என்றாள். "பொய் சொன்னதுக்கு. அழுதுக்கிட்டே அந்த அட்டையைத்தான் எடுத்து நீட்டினான். அதுக்கும் ஒண்ணு வெச்சேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

பொத்தான் அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அக்காவின் ஜாக்கெட்டில் பொத்தான் இல்லை, அதனாலோ என்னவோ, அவன் பார்வை நகர்ந்து அவள் முகத்துக்குப் போனது. ஒரு கணம் பார்த்தான். கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். அதில் இருப்பதும் அவள்தான், எதிரே இருப்பதும் அவள்தான். அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தான், என் இயக்கத்தில் எடுத்த சோகம். அதையும் போட்டான். அப்புறம் பெட்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் வந்தான். உள்ளங்கையை அவள் காதின் மேல் வைத்துப் பொத்தினான்.

"மருந்து விட்டுட்டு நான் அப்படித்தான் பொத்துவேன்" என்றாள் அம்மா, மிக மெல்ல. "வலிக்குதான்னு கேப்பேன்."

அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்குத் தெரியும் அது என்ன என்று. ஒண்ணுமில்லை என்று சொல்ல வருகிற சிரிப்பு. அரைவாசி வந்தது. அவள் அதை நிறுத்தினாள். நிறுத்தினதும் முகம் முழுக்க உடைந்தது. அப்படியொரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"ஆமாண்டா" என்றாள். "வலிக்குது."

பொத்தான் கையை எடுக்கவில்லை. பழக்க தோஷம், ஆயா கை தட்ட இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். அந்த அம்மா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.